சிவப்பு மண்டலக் கதவு மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

லயத்துமகன்
ஞாயிறு, இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறேன். அப்பா தவறி இன்றோடு 47 நாள். 61 வயது. முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டினார், அப்புறம் செம்பனைக் குலை வெட்டினார், போன வருஷம்தான் ஓய்வு.

அன்று பசியாறிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "காற்று பிடிச்சிருக்கு" என்றார். அம்மா ஈனோ கலக்கிக் கொடுத்தார், முதுகில் தைலம் தேய்த்தார். அரை மணி நேரம் கழித்துக் குளிக்கப் போனவர் தண்ணீர்த் தொட்டி ஓரம் விழுந்துவிட்டார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்தார். உயிர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பக்கத்து வீட்டு அண்ணனின் சாகா காரில் பின்சீட்டில் படுக்க வைத்து ஓடினோம். ஆஸ்பத்திரிக்கு 18 நிமிடம்.

அவசரப் பிரிவில் உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் சிவப்பு மண்டலத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள், கதவை மூடிவிட்டார்கள். நடுவில் ஒருமுறை கதவு திறந்தபோது ஒரு பையன் ஸ்டூல் மேல் ஏறி நின்று அப்பா நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். அடுத்த முறை திறந்தபோது வேறு ஆள். 40 நிமிடம் கழித்து டாக்டர் வந்து சொன்னார்.

எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த 40 நிமிடம் என்ன செய்தார்கள்? படத்தில் காட்டுவதுபோல் ஏன் கரண்ட் வைக்கவில்லை? நிறுத்துவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று அண்ணன் சொல்கிறார். அம்மா தினமும் ஈனோ டப்பாவைப் பார்த்து அழுகிறார்.


இரவுப்பணி
திங்கள், விடியற்காலை 3.15

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் மருத்துவ உதவியாளர். நம் பெரியவர்கள் இன்னும் டிரசர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவசரப் பிரிவில் 14 வருஷம். எங்கள் அறையில் நடப்பதைச் சொல்கிறேன், எல்லா இடத்திலும் வரிசை ஏறக்குறைய இதேதான்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதே ஆளுக்கு ஓர் இடம் இருக்கும். ஒருவர் நெஞ்சுக்கு. ஒருவர் தலைமாட்டில், முகத்தில் மாஸ்க்கை அணைத்துப் பிடித்துப் பையை அமுக்குவார். ஒருவர் கையில் ஊசி ஏற்றுவார், ஒருவர் மருந்து எடுப்பார், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார். டாக்டர் கால்மாட்டில் நிற்பார். முடிந்தவரை எதிலும் கை வைக்கமாட்டார். கை வைத்தால் கண் அந்த வேலைக்குப் போய்விடும், முழு ஆளைப் பார்க்க முடியாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு "டாக்டர் சும்மா நிற்கிறாரே" என்று தோன்றும். அந்த அறையில் ரொம்பக் கடினமான வேலை அதுதான்.

ஸ்டூல் எதற்கென்றால், கட்டில் உயரம். தோள் நேராக நோயாளியின் நெஞ்சுக்கு மேல் வரவேண்டும், இல்லாவிட்டால் கையால் மட்டும் அழுத்துவோம், ஒரு நிமிடத்தில் சோர்ந்துவிடும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் 5 செண்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். அழுத்தியபின் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும், அப்போதுதான் இருதயத்தில் ரத்தம் மறுபடி நிரம்பும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். களைத்துப்போனவனுக்குத் தான் களைத்தது தெரியாது, ஆழம் குறைந்துகொண்டே போகும். நீங்கள் இரண்டு வேறு ஆட்களைப் பார்த்தீர்கள் என்றால் அவர்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

கரண்ட் விஷயம். நின்றுபோன இருதயம் எல்லாம் ஒரே மாதிரி நிற்பதில்லை. சிலருக்கு இருதயத் தசை தாறுமாறாகத் துடித்துக்கொண்டே இருக்கும், ரத்தம் மட்டும் வெளியே போகாது. அந்தக் குழப்பத்தை ஒரே அடியில் நிறுத்தத்தான் ஷாக். நிறுத்தினால் இருதயம் தன் தாளத்தைத் திரும்பப் பிடிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும். மானிட்டரில் நேர்கோடு வந்துவிட்டால் நிறுத்துவதற்கே அங்கே ஒன்றும் இல்லை. அப்போது அழுத்துவதும், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலினும், காரணத்தைத் தேடுவதும்தான் வழி. படத்தில் நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பது தவறு, நிஜத்தில் நாங்கள் செய்வதில்லை.

காரணம் தேடுவது என்றேனே, முக்கியமான வேலை அதுதான். அழுத்துவது நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. வாங்கிய நேரத்தில் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்ததா, ரத்தம் போய்விட்டதா, பொட்டாசியம் ஏறியதா இறங்கியதா, நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்து நுரையீரலை நெருக்குகிறதா, இருதய உறைக்குள் ரத்தம் தேங்கி நிற்கிறதா, குழாயில் ரத்தக் கட்டியா, விஷமா. தாளம் பார்க்க நிறுத்தும் அந்த 10 நொடிக்குள் ஸ்கேன் கருவியை நெஞ்சில் வைத்துப் பார்ப்போம்.

ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் நடு இரவு, ஐம்பது வயதுக்காரர், வந்ததும் நின்றுவிட்டது. எல்லாரும் நெஞ்சைப் பார்க்கிறோம். ஊசி ஏற்ற இடது சட்டைக் கையை வெட்டிய மிஸ்ஸி (தாதி), "டாக்டர், கையைப் பாருங்க" என்றார். முழங்கைக்கு மேலே கயிறு மாதிரிப் புடைத்த நரம்பு, அதன் மேல் வரிசையாக ஊசித் தழும்பு. டயலிசிஸ் ஆள். வெளியே ஓடிப் போய் மனைவியிடம் கேட்டேன், கல்யாண வீட்டுக்குப் போனதில் இரண்டு முறை தவறவிட்டிருக்கிறார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதுதான் காரணம். ரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் கால்சியம் ஏற்றினார்கள். அடுத்த தடவை தாளம் பார்த்தபோது கழுத்தில் நாடி என் விரலுக்குத் தட்டியது. அவர் இப்போதும் வாரம் மூன்று நாள் டயலிசிஸ் போகிறார்.

உங்கள் அப்பாவுக்கும் இப்படித் தேடித்தான் பார்த்திருப்பார்கள். நிறுத்தும் முடிவு டாக்டருடையது, ஆனால் தனியாக எடுப்பதில்லை. 20 நிமிடத்துக்கு மேல் நேர்கோடு மாறவில்லை, சரி செய்யக்கூடிய காரணம் கிடைக்கவில்லை, மூச்சில் வரும் கரியமில வாயு 10-க்குக் கீழேயே நிற்கிறது என்றால் இருதயத்துக்கு இனி வலு இல்லை என்று பொருள். அப்போதும் டாக்டர் சுற்றிப் பார்த்துக் கேட்பார், "வேற யாருக்காவது ஏதாவது தோணுதா?" வாசலில் பிளட் பிரஷர் பார்க்கும் பையன் வரை எல்லாரையும் கேட்பார். யாரும் பேசவில்லை என்றால் நேரத்தைச் சொல்லி எழுதச் சொல்வார்.

அண்ணனிடம் சொல்லுங்கள், நின்றுபோன இருதயத்துக்குக் கோலாலம்பூரிலும் முதலில் செய்வது இதே வேலைதான்.


செம்பருத்தி
திங்கள், காலை 8.30

டிரசர் அண்ணே, உள்ளே நடப்பதை நன்றாகச் சொன்னீர்கள். வெளியே நடப்பதையும் யாராவது எழுத வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. என் மாமியாரை உள்ளே கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம் ஒருவரும் வெளியே வரவில்லை. போய்க் கேட்டால் காவலாளி "துங்கு, துங்கு" (காத்திருங்கள்) என்றார். நடுவில் ஒருவர் வந்து ஐ.சி. (அடையாள அட்டை) எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மாமா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியாரின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் "சூடா மெனிங்கல்" (இறந்துவிட்டார்) என்று இரண்டே வார்த்தை. அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் செய்தியை நின்றபடி, நடைபாதையில், அப்படிக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

அவர்கள் நன்றாகவே முயற்சி செய்திருப்பார்கள். அது எங்களுக்கு எப்படித் தெரியும்?


மிஸ்ஸிஅக்கா
திங்கள், காலை 11.05

செம்பருத்தி, உங்கள் கோபம் நியாயம். நான் 31 வருஷம் தாதி, அதில் பாதி அவசரப் பிரிவில். ஆள் பற்றாக்குறை உண்மை. அதற்காக ஒருவரைக்கூட வெளியே அனுப்ப முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் கதவைத் திறந்து, "இருதயம் நின்றிருக்கிறது, நாங்கள் அழுத்திக்கொண்டிருக்கிறோம், இன்னும் திரும்பவில்லை" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் கிடைத்த குடும்பம் கடைசிச் செய்தியைத் தாங்கும் விதமே வேறு.

குடும்பத்தில் ஒருவரை உள்ளே நிற்க விடலாமா என்பது பழைய சண்டை. விருப்பம் இருந்தால் அனுமதிக்கலாம் என்று இப்போதைய உலக வழிகாட்டுதல்கள் சொல்கின்றன, கூட ஒரு தாதி நின்று நடப்பதை விளக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான் ஆரம்பத்தில் எதிர்த்தவள். மயங்கி விழுவார்கள், தடுப்பார்கள் என்று பயந்தேன். ஒருமுறை ஒரு பாட்டியை வேறு வழியில்லாமல் உள்ளே விட்டோம். இருபது வயதுப் பேரன், மோட்டார் விபத்து. அவர் சத்தமே போடவில்லை. கால்மாட்டில் நின்று அவன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காலில் செம்மண் ஒட்டியிருந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். நிறுத்தியபோது எங்கள் எல்லாரையும் பார்த்துக் கை கூப்பினார். அதன் பிறகு நான் யாரையும் முதலில் "வெளியே இருங்கள்" என்று சொன்னதில்லை, "உள்ளே நிற்கிறீர்களா?" என்றுதான் கேட்டேன்.

லயத்துமகன் தம்பிக்கு: அம்மாவிடம் ஈனோ அப்பாவைக் கொல்லவில்லை என்று சொல்லுங்கள். மாரடைப்பு ஈனோவால் வருவதும் இல்லை, கூடுவதும் இல்லை.


கிராணிவீடு
திங்கள், மாலை 6.50

யாரையும் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. அவசரம் என்றால் 999-க்கு அடித்து ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்போதும் சொல்கிறீர்கள். எங்கள் தோட்டத்து உள்வழியில் ஆம்புலன்ஸ் வர 25 நிமிடம், மழை என்றால் 35. காரில் போட்டால் 15. அப்புறம் எதற்கு 999-க்கு அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்? பட்டணத்து வாசிகளுக்கு எழுதிய பாடத்தை எங்களுக்குச் சொல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. என் சித்தப்பாவைக் காரில்தான் கொண்டுபோனோம், பிழைத்தார்.


இரவுப்பணி
திங்கள், இரவு 9.20

அண்ணே, உங்கள் சித்தப்பாவுக்கு வழியில் நாடி இருந்தது, அதனால் பிழைத்தார். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆள் பேசுகிறார், வேர்க்கிறது, நெஞ்சு வலிக்கிறது. அப்போதும் 999 நல்லது, ஏனென்றால் வழியில் நின்றுபோனால் ஷாக் மெஷின் ஆம்புலன்ஸில் இருக்கிறது, சாகாவில் இல்லை. ஆனால் உண்மையிலேயே வண்டி வர ரொம்ப நேரம் என்றால் காரில் கிளம்புவதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். 999-ல் கேளுங்கள். அவர்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் பிரிவுக்கு இணைப்பு கொடுப்பார்கள், வழியில் எங்கே சந்திக்கலாம் என்றும் பேசிக்கொள்ளலாம். அலர்ஜி இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து, பெரிய அடைப்பு என்று தெரிந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. உள்ளே வந்து 30 நிமிடத்துக்குள் அதைப் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் இலக்கு. ஆகவே ஈப்போ வரை ஓட்டிப் போகாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அடைத்த ரத்தக்குழாயைத் திறக்கும் இடத்துக்கு நாங்கள் அனுப்பிவைப்போம்.

கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியில்லை. இது வேறு கதை. காரில் பின்சீட்டில் மடங்கிப் படுத்தவர் நெஞ்சை யாராலும் அழுத்த முடியாது. மெத்தை அமுங்கும், நெஞ்சு அமுங்காது. அழுத்தாமலும் ஷாக் இல்லாமலும் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்று பல காலமாகக் கணக்குச் சொல்கிறார்கள். உங்கள் 15 நிமிடத்தை அதில் போட்டுப் பாருங்கள். தரையில் போட்டு அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தால் மூளைக்குக் கொஞ்சமாவது ரத்தம் போய்க்கொண்டிருக்கும். உங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆள் இருக்கிறார்கள், 2 நிமிடத்துக்கு ஒருவர் மாறலாம். இந்த விஷயத்தில் பட்டணத்து ஃபிளாட்டை விட உங்களுக்குத்தான் வசதி.

1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கோவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூன்று பேர் நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தினாலே ரத்தம் ஓடும் என்று எழுதினார்கள். அதுவரை நெஞ்சைக் கிழித்துத்தான் இருதயத்தைப் பிசைவார்கள். யாரும், எங்கும் தொடங்கலாம், இரண்டு கை போதும் என்று அதில் சொன்னார்கள். தோட்டத்துக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள் அண்ணே.

லயத்துமகன் தம்பி, இதை எப்படிச் சொல்வது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். மீன் மாதிரி வாய் திறந்து இழுத்ததாகச் சொன்னீர்களே, அது மூச்சு இல்லை. இருதயம் நின்ற பிறகு மூளையின் அடிப்பகுதி கொடுக்கும் கடைசி இழுப்பு. படித்தவர்களே அதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, உங்கள் மேல் தப்பு இல்லை. மற்றவர்கள் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.


பால்மரக்காடு
செவ்வாய், காலை 7.10

இந்த இழையைப் படித்ததும் என் தம்பி ஞாபகம் வந்தது. 24 வயது, மில்லில் வேலை. சின்ன வயதிலிருந்து இனிப்புநீர், இன்சுலின் போடுகிறவன். யாரோ கொடுத்த பொடியை நம்பி மூன்று நாள் ஊசியை நிறுத்திவிட்டான். வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கினான். ஆஸ்துமா என்று நினைத்தோம். வாயில் பழுத்த பழ வாசனை. சிவப்பு மண்டலத்தில் சர்க்கரை ரொம்ப அதிகம், 30 மில்லிமோலுக்கு மேல் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இன்சுலின் போடாமல் தண்ணீர் மட்டும் ஏற்றினார்கள். அப்பா கத்திவிட்டார். மூச்சு இப்படி வாங்குகிறானே, மூச்சு மெஷினிலாவது வையுங்கள் என்றதற்கும் டாக்டர் மறுத்துவிட்டார். தம்பி பிழைத்துவிட்டான். ஆனாலும் ஏன் என்று இன்றுவரை தெரியாது.


மிஸ்ஸிஅக்கா
செவ்வாய், காலை 10.40

அந்த டாக்டர் உங்கள் தம்பியை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறார் அம்மா.

இன்சுலின் சர்க்கரையை மட்டும் இறக்குவதில்லை, ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். மூன்று நாள் சிறுநீரில் பொட்டாசியம் போய்க் காலியாகி வந்தவனுக்கு, அளவு 3.3-க்குக் கீழே இருக்கும்போது இன்சுலின் போட்டால் இருதயம் தடுமாறி நின்றுவிடலாம். அதனால் முதலில் தண்ணீர், பொட்டாசியம் ரிசல்ட், குறைந்திருந்தால் அதை ஏற்றி, அப்புறம்தான் இன்சுலின்.

மெஷின் விஷயம் இன்னும் நுட்பம். அவன் உடம்பில் அமிலம் ஏறிக் கிடக்கிறது. அந்த வேக மூச்சுதான் அமிலத்தை வெளியே ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது. மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் மூச்சுக் குழாய் போடும் அந்த ஒரு நிமிடம் மூச்சு நிற்கும், பிறகு மெஷினால் அவன் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. அமிலம் சட்டென்று ஏறி இருதயம் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்குகிறவன் எல்லாருக்கும் குழாய் போடுவதல்ல மருத்துவம். இளம் டாக்டர்களுக்கு ரத்த அழுத்தத்தை முதலில் தூக்கு, குழாயை அப்புறம் தொடு என்று சொல்லிக்கொண்டே இருப்போம்.

நம் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4. ஒவ்வொரு லயத்திலும் இந்த மூச்சு எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.


பழையமண்டோர்
செவ்வாய், மாலை 5.30

தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களுக்கு மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்தவன் நான். 100 பிளஸ் குளிர்பானப் போத்தலில் களைக்கொல்லியை ஊற்றி வைத்து, தாகத்தில் எடுத்து ஒரு வாய் குடித்துத் துப்பிய ஆளை நானே மோட்டாரில் கொண்டுபோயிருக்கிறேன். பாராகுவாட். ஒரு வாய்தான். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், ஆக்சிஜன் கூடத் தரவில்லையே என்று எனக்கு ஆத்திரம். பத்து நாளில் மூச்சடைத்துப் போய்ச் சேர்ந்தார். ஆக்சிஜன் கொடுத்தால் அந்த விஷம் நுரையீரலை இன்னும் வேகமாக எரிக்கும், ரொம்பக் குறைந்தால்தான் கொடுப்பார்கள் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 2020 ஜனவரி 1 முதல் அதற்கு நாட்டில் தடை. ஆனால் போத்தல் மாற்றி ஊற்றும் பழக்கத்துக்கு யாரும் தடை போடவில்லை.


இரவுப்பணி
செவ்வாய், இரவு 11.00

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஷம் என்றால் போத்தலையோ லேபிளையோ கையோடு கொண்டு வாருங்கள், எங்களுக்கு அதுதான் பாதிச் சிகிச்சை. பினாங்கு யு.எஸ்.எம்.-இல் உள்ள தேசிய விஷ மையத்தை நாங்கள் கூப்பிடும்போது அவர்கள் முதலில் கேட்பதும் அதுதான். பூச்சிக்கொல்லியில் ஒரு வகை வாயிலும் நுரையீரலிலும் சளியைப் பெருக்கி மூழ்கடித்துவிடும். அதற்கு அட்ரோபின், நெஞ்சில் இரைச்சல் காயும் வரை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவோம். கூடவே சட்டையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் தோல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

டெங்கியும் சொல்லிவிடுகிறேன், இது மழைக்காலம். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து. காய்ச்சல் விட்டது என்று எல்லாரும் சந்தோஷப்படும்போது கை ஜில்லென்று இருந்தால், வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால் அன்றே வாருங்கள்.


லயத்துமகன்
புதன், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. இழையை அம்மாவுக்கும் அண்ணனுக்கும் முழுதாக வாசித்துக் காட்டினேன். அந்த மீன் மூச்சு இடம் வந்தபோது வாசிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன். அண்ணன் போனை வாங்கி மீதியைப் படித்தார். அவர் இப்போது பெரிய ஆஸ்பத்திரி பற்றிப் பேசவில்லை. அம்மா ஈனோ டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

மாரியம்மன் கோவில் மண்டபத்தைத் தலைவர் ஒருநாள் தருகிறேன் என்கிறார். இரவுப்பணி அண்ணே, நீங்கள் வந்து நெஞ்சு அழுத்தச் சொல்லித் தர முடியுமா? லயத்தில் நாற்பது பேராவது வருவார்கள். கிராணிவீடு அண்ணனும் வருகிறேன் என்று தனியாக எழுதியிருக்கிறார்.


இரவுப்பணி
வியாழன், விடியற்காலை 4.05

வருகிறேன் தம்பி. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு எனக்கு ஓய்வு. அழுத்திப் பழகும் பொம்மை இரண்டு கொண்டு வருவேன், நாற்பது பேருக்குப் போதாது. உள்ளூர் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவிப் பிரிவில் இன்னும் இரண்டு கேட்டுப் பாருங்கள்.


மிஸ்ஸிஅக்கா
வியாழன், காலை 9.00

நானும் வருகிறேன். தரையில் விரிக்கப் பழைய பாய் எடுத்து வையுங்கள், வயதானவர்களுக்கு முட்டி வலிக்கும். அம்மாவை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அவர்களுக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.